முதல் பழைய கடிகாரம்: எச்.எம்.டி.யா, சீகோவா, சுவிஸா?

பழைய கைக்கடிகாரம் ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் அநேகமாக ஒரே மூச்சில் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறார்கள்: "அரிதானதாகப் பார்த்து வாங்கிப் போட்டால் பின்னால் விலை ஏறும்தானே?" முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவது கேள்வியை அவிழ்க்காமல் முதலாவதற்குப் பதில் சொன்னால், கேட்டவர் தவறான கடிகாரத்தோடு வீடு திரும்புவார். நான் அப்படித் திரும்பியிருக்கிறேன்.

அரிது என்பது என்ன?

ரோலக்ஸ் நிறுவனம் 1960களில் டேடோனா என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அதில் ஒரு வகைக்குச் சற்றே விசித்திரமான டயல்: உள்வட்டங்களுக்கு எதிர்நிறம், கட்டங்கட்டமான குறிகள், விளையாட்டு மைதானத்து ஸ்கோர் பலகை மாதிரியான எண்கள். வாங்குபவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் தூசி படிந்து கிடந்தது. விற்காததால் குறைவாகவே செய்தார்கள். நடிகர் பால் நியூமன் அந்த வகையைக் கட்டிக்கொண்டு திரிந்தார். பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் அந்த டயலுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அவர் கையிலேயே கிடந்த கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது.

பாடெக் பிலிப் என்ற சுவிஸ் நிறுவனத்தின் 1518 என்ற வகையின் கதையும் இதே மாதிரிதான். நாள்காட்டியும் நிறுத்துகடிகாரமும் சேர்ந்த அந்த வகையை வாங்கும் வசதி படைத்தவர்கள் அன்று தங்கத்தில்தான் கேட்டார்கள். ஸ்டீல் எதற்கு? ஆகவே ஸ்டீலில் செய்தவற்றில் இன்று வெளியே தெரிந்தவை நான்கே நான்கு. அவற்றில் ஒன்று 2016இல் ஜெனிவாவில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்கைத் தாண்டி ஏலம் போனது.

இரண்டிலும் நடந்தது ஒன்றே. ஒரு தலைமுறை வேண்டாமென்று ஒதுக்கியது. அதனால் எண்ணிக்கை குறைந்தது. பின்னால் வந்த தலைமுறைக்கு அதுவே பிடித்துப்போனது. ரசனை மாறினால் பழுதுகூடப் பெருமையாகிவிடும். வார்னிஷ் சரியில்லாததால் வெயில் பட்டுப் பழுப்பேறிய கறுப்பு டயல்களை இன்று 'டிராப்பிகல்' என்று செல்லமாக அழைத்துக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதைக் கடைக்காரரிடம் காட்டியிருந்தால் டயலையே மாற்றிக் கொடுத்திருப்பார்.

மறுபக்கமும் இருக்கிறது. நூறு வயது தாண்டிய பாக்கெட் கடிகாரங்கள் எத்தனையோ, 1960களின் நீச்சல் கடிகாரம் ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. வயதும் உண்டு, வேலைப்பாடும் உண்டு. சங்கிலி போட்டு இடுப்பில் செருகிக்கொள்ள ஆள்தான் இல்லை. ஆள் வரலாம், வராமலும் போகலாம். அந்தத் தேதி தெரிந்த யாரையும் நான் சந்தித்ததில்லை. ஆகவே விலையேற்றத்தை அளவுகோலாக வைத்து முதல் கடிகாரத்தை வாங்காதீர்கள் என்பேன்.

எதை வைத்து ஒப்பிடுவது?

நான் பார்ப்பவை ஐந்து. டயல் அசலா? பிரித்துப் பூட்ட ஆளும் உதிரிபாகமும் உள்ளூரில் கிடைக்குமா? நம் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்குமா? வாங்கிய பிறகு என்னென்ன செலவு வரும்? கைமாற்ற நேர்ந்தால் வாங்க ஆள் உண்டா?

ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது. டயலுக்குப் பாதி மதிப்பெண் கொடுப்பேன். அதற்கொரு காரணம் உண்டு.

என் தாத்தாவின் ஃபேவர் லூபா என்ற சுவிஸ் கடிகாரம் ஓடாமல் பல வருடம் பெட்டியில் கிடந்தது. வெள்ளி நிற டயல் தந்தத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது. ஓரத்தில் கடுகளவு புள்ளிகள். பழுது பார்க்கக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனால், கடிகாரம் நன்றாக ஓடியது. "டயல் ரொம்ப அழுக்கு. புதுசாக்கிவிட்டேன், அதற்குத் தனியாகக் காசு வேண்டாம்" என்றார் கடிகாரக்காரர், ஆசையாக. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது டயல். எழுத்துகள் தடித்துப் போயிருந்தன. ஆறு மணிக் குறிக்குக் கீழே ஊசிமுனையால் எழுதினாற்போல் இருந்த 'ஸ்விஸ் மேட்' காணாமல் போயிருந்தது. தாத்தா அறுபதுகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முகம் ஒரு தூரிகையில் போய்விட்டது. கடிகாரக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. டயலைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

மெஷின் கெட்டால் சரிசெய்யலாம். கண்ணாடி, சாவி, ஸ்ட்ராப் எல்லாவற்றையும் மாற்றலாம். டயலில் மட்டும் திரும்பிப்போக வழியில்லை. வாங்கும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா? நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா? முள்ளில் இருக்கும் ஒளிப்பூச்சும் டயலில் இருப்பதும் ஒரே வயதாகத் தெரிகின்றனவா? கூடு தேய்ந்து வழவழத்து, டயல் மட்டும் நேற்றுப் பிறந்தது போலிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். இப்படிப் புது டயல் அடித்து, பளபளவென்று தேய்த்து விற்பனைக்கு வரும் கடிகாரங்களுக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. நமக்குப் பெருமை இல்லைதான்.

எச்.எம்.டி.

மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை. அங்கே பிறந்த வகைகள்: ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேடிக் வேண்டியவர்களுக்குக் காஞ்சன். சாவி கொடுக்கும் 17 ஜுவல் (தேய்மானம் குறைக்கப் பதிக்கும் சிறு கற்கள்) மெஷின்தான் பெரும்பாலானவற்றில். வேலை கிடைத்தவனுக்கும், மாப்பிள்ளைக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அதுதான் பரிசு.

பிறகு 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில், பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். பேட்டரியில் ஓடும் மெல்லிய குவார்ட்ஸ் கடிகாரம், சாவி கொடுக்கும் வேலை இல்லை, கடையும் கண்ணாடியும் விளக்கும் வேறு மாதிரி. அந்த நாற்பது கிலோமீட்டரைத் தாண்டி எச்.எம்.டி.யால் வர முடியவில்லை. சாவி கொடுப்பது பட்டிக்காட்டுத்தனம் என்றாயிற்று. எத்தனையோ ஜனதாக்கள் மேசை இழுப்பறைக்குள் போயின. குழந்தைகள் விளையாடிக் கெடுத்தவையும் ஏராளம்.

2014இல் கடிகாரப் பிரிவை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. உடனே தட்டுப்பாடு, பைலட்டுக்கும் ஜனதாவுக்கும் விலை துள்ளியது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை மூடுவதற்கு முறைப்படி ஒப்புதல் தந்தது. யோசித்துப் பாருங்கள்: செய்தி வந்த நாளுக்கு முதல் நாளும் மறுநாளும் நாட்டில் இருந்த ஜனதாக்களின் எண்ணிக்கை ஒன்றுதான். மாறியது நம் மனசு. அந்த நிறுவனம் கோடிக்கணக்கில் கடிகாரம் செய்திருக்கிறது. எனவே ஜனதா என்ற பெயருக்காகவே 'அரிய பொருள்' என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அரிதாகியிருப்பது, யாரும் டயல் அடிக்காத, கூட்டைத் தேய்க்காத ஜனதா.

ஏனென்றால் தேவை கூடிய இடத்தில்தான் போலி வேலையும் கூடும். எந்தத் தொழிற்சாலையும் அடிக்காத சிவப்பு, பச்சை, நீலத்தில் பைலட் டயல்கள் கிடைக்கின்றன. உள்ளே உண்மையான எச்.எம்.டி. மெஷின் ஓடும்; முகம் போன மாதம் அச்சானது. ராணுவச் சாயல் கொண்ட ஜவான் என்ற வகைக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னும் இரட்டை எச்சரிக்கையாக இருங்கள்.

எச்.எம்.டி.யின் பெரிய பலம், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார், உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. மறைமுகச் செலவு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது: விலை குறைவு என்பதால் ஒன்றோடு நிற்காது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒரே வருடத்தில் பதினான்கு வாங்கினார். எதற்கும் சர்வீஸ் செய்யவில்லை. பதினான்கும் பதினான்கு நேரம் காட்டுகின்றன.

கடிகாரம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள நினைப்பவருக்கும், காலையில் காபிக்கு முன் சாவி கொடுக்கும் அந்த அரை நிமிடம் பிடித்தவருக்கும் இதுதான். மழையில் நனைந்து வேலைக்குப் போகிறவருக்கு வேண்டாம்.

சீகோ 5

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த பெட்டிகளில் சென்ட் பாட்டிலுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவே இவை இருந்தன. சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியவர்களும் உண்டு. ஜப்பானிய நிறுவனமான சீகோவின் 5 வரிசை 1963இல் தொடங்கியது. ஆட்டோமேடிக், கிழமையும் தேதியும் ஒரே சன்னலில், தண்ணீர் தாங்கும் உறுதியான கூடு, நான்கு மணிப் பக்கம் உள்ளடங்கிய சாவி.

அன்று இது 'பாரின் வாட்ச்'. பிறகு நீண்ட காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. கனமான பழைய ஸ்டீல் வளையல் என்றார்கள். இப்போது எழுபதுகளின் நிறங்கள் மீண்டும் கண்ணுக்குப் பிடித்திருக்கின்றன. அளவும் வசதி. அறுபதுகளின் ஆண் கடிகாரங்கள் 33 முதல் 36 மில்லிமீட்டர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 42, 44 என்று தட்டுப் போல வீங்கின. இப்போது மறுபடி இறங்கி வருகின்றன. சீகோ 5 நடுவே நிற்பதால், ரசனை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது கையில் துருத்திக்கொண்டு தெரியாது.

வாங்குகிறவருக்கு சீகோ செய்திருக்கும் உதவி, முதுகில் அடித்திருக்கும் எண். தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 7 என்று தொடங்கினால் 1967ஆ 1977ஆ என்பதை மாடலை வைத்து முடிவுசெய்ய வேண்டும். அதோடு முதுகில் 7009 என்று மெஷின் எண் இருந்தால், டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணும் 7009 என்றே தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் இரண்டு கடிகாரங்களைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அப்படி எண்ணே இல்லாமல், மயில் கழுத்து நிறத்தில் மின்னும் சீகோக்கள் நிறைய உலவுகின்றன.

இந்த மெஷின்களில் பலவற்றுக்குச் சாவி திருகினால் ஏறாது; கையை ஆட்டினால்தான் ஓடும். 'சாவி வேலை செய்யவில்லை' என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். முதுகில் எழுதியிருக்கும் தண்ணீர்த் தாங்குதிறனை நம்பிக் கை கழுவவும் வேண்டாம். உள்ளே ரப்பர் வளையம் நாற்பது வயதைத் தாண்டியது.

தினமும் கட்ட ஒரே ஒரு பழைய கடிகாரம் என்றால் என் ஓட்டு இதற்கே.

இந்தியாவுக்கு வந்த சுவிஸ்: ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட்

ஃபேவர் லூபா 1865இலேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி 1886இல் பம்பாயில் கிளை பரப்பியது; குதிரைவீரன் என்று பொருள்படும் 'சோவார்' அதன் புகழ்பெற்ற பெயர். நம் வீடுகளில் 'சுவிஸ் வாட்ச்' என்று பொத்திவைத்திருந்தவற்றில் பல இவைதான்.

அழகில் எச்.எம்.டி.யைவிட ஒரு படி மேல். ஃபேவர் லூபா தன் சொந்த மெஷினை வடிவமைத்த நிறுவனம். சாவி கொடுத்த விசையைச் சேமிக்கும் ஸ்பிரிங் பெட்டியை ஒன்றுக்கு இரண்டாக வைத்து, மெல்லியதாகவும் செய்தது. 1962இல் வந்த அதன் பிவாக் உயரத்தையும் காற்றழுத்தத்தையும் காட்டும். மலையேறிகளுக்கென்று செய்தது, உலகச் சந்தையில் அதைத் தேடுவோர் உண்டு. சீ சீஃப், சீ கிங் போன்ற சாதாரண வகைகளை வெளிநாட்டார் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதனால் நம் ஊரில் இன்னும் நியாயமான விலையில் கிடைக்கின்றன.

சொந்த மெஷின் என்ற அந்தப் பெருமையே பின்னால் தலைவலியாகிறது. அதன் சக்கரம் ஒன்று உடைந்தால் இன்னொரு ஃபேவர் லூபாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒன்று வாங்கினால் உதிரிக்கென்று இரண்டாவதையும் வாங்கிவைப்பது இந்த வட்டாரத்தில் சாதாரணம். மும்பை ஸ்பெஷல் தொல்லையும் இங்கேதான் மிக அதிகம். கறை படிந்த, ஆனால் அசலான டயல் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பளபளப்பதற்கு இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இருட்டில் மின்னும் பூச்சு உள்ள, அறுபதுகளுக்கு முந்தைய கடிகாரங்களில் ரேடியம் இருக்கக்கூடும். இப்போது மின்னாவிட்டாலும் கதிர்வீச்சு போய்விடவில்லை. வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

ஒமேகா, ரோலக்ஸ்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் கடிகாரமாக இவை வேண்டாம். ஒமேகாவின் பழைய ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 2021இல் ஜெனிவாவில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. இரண்டு வருடம் கழித்து, அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று ஒமேகாவே அறிவித்தது. தன் முன்னாள் ஊழியர்களுக்கும் அதில் பங்கிருந்தது என்றும் சொன்னது. ஏல நிறுவனத்தின் வல்லுநர்கள், நிறுவனத்தின் அருங்காட்சியகம் எல்லோர் கண்ணையும் தாண்டியது அது. நம் கண் எம்மாத்திரம்?

ஒருமுறை சர்வீஸ் செய்யும் பணத்தில் நல்ல ஜனதா ஒன்றோ இரண்டோ வாங்கிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி தனி. இவற்றின் ஒரே பெரிய அனுகூலம், விற்க நினைத்தால் எந்த நகரத்திலும் ஆள் கிடைப்பார்கள். ஐந்தாறு வருடம் மலிவானவற்றில் கைபழகி, டயலைப் பார்த்ததும் சந்தேகம் வரும் கண் வந்துவிட்டவருக்கு, ஒமேகாவின் பழைய சீமாஸ்டர் ஒன்று நல்ல அடுத்த படி.

ஒரே பார்வையில்

| | எச்.எம்.டி. | சீகோ 5 | ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் | ஒமேகா, ரோலக்ஸ் |
|---|---|---|---|---|
| அசல் டயல் கிடைப்பது | தேடினால் கிடைக்கும் | எண் பார்த்து உறுதி செய்யலாம் | மிகக் கடினம் | பணம் கொடுத்தாலும் சந்தேகம் மிஞ்சும் |
| பழுது, உதிரி | எளிது | எளிது | இன்னொன்றைப் பிரிக்க வேண்டும் | ஆள் குறைவு, கூலி அதிகம் |
| தினமும் கட்ட | வெயில் நாளில் சரி | ஏற்றது | விசேஷ நாளுக்கு | மனசு வராது |
| ஒளிந்திருக்கும் செலவு | எண்ணிக்கை பெருகும் | ரப்பர் வளையம், கண்ணாடி | உதிரிக்காக இரண்டாவது கடிகாரம் | சர்வீஸ், சுங்க வரி |
| விற்க நேர்ந்தால் | உடனே போகும், லாபம் சொற்பம் | உடனே போகும் | ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும் | எளிது |

கடைக்குப் போகுமுன் வீட்டுப் பீரோவை ஒருமுறை துழாவிப் பார்க்கச் சொல்வேன். அம்மாவோ அத்தையோ கட்டிய, கட்டை விரல் நகம் அளவே இருக்கும் கடிகாரம் ஒன்று அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் மெஷினை அடக்குவது பெரிய கடிகாரம் செய்வதைவிடக் கடினம். ஆனாலும் இன்று சந்தையில் அதற்கு மதிப்பே இல்லை. ரசனை இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. என் அம்மாவுடையது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நின்றுபோயிருந்தது. நான்கு திருப்பு கொடுத்ததும் காதருகே மெல்லிய சத்தம் கேட்டது.

அப்படி ஒன்று கிடைத்தால், சத்தம் வருகிறதே என்று கட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எண்ணெய் காய்ந்த மெஷின் ஓட ஓடத் தேயும். முதலில் சர்வீஸுக்குக் கொடுங்கள். டயலைத் தொட வேண்டாம் என்று வாயால் சொன்னால் போதாது. ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.